இருள்காலத்தில் உடம்பும் மனமும்

(ஒஸ்லோவில், நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், தமிழ்ப் பெற்றோரும் மூத்தோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை. பேச்சை அதிகம் மாற்றாமல் அச்சிடுகிறோம்.)



பனிக்காலத்தில் எங்களைப் பிடிக்கிற மனச்சோர்வைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இன்னும் பனியே கொட்டவில்லை, ஜனவரியில் பேசலாமே என்று சிலர் கேட்டார்கள். ஜனவரியில் இந்தப் பேச்சு யாருக்கு வேண்டுமோ அவருக்கு வீட்டை விட்டு வெளிக்கிடும் தெம்பு இராது. நவம்பரில் அவரால் இன்னும் வர முடிகிறது. ஆகவேதான் இன்று.

எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் குளிரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். குளிருக்கு ஜக்கெற் இருக்கிறது, கம்பளிக் காலுறை இருக்கிறது, வீட்டுக்குள் சூடு இருக்கிறது. மனத்தைச் சோரவைப்பது காலை வெளிச்சம் இல்லாமற் போவது. இதை விளங்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் பாதி விளங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். மார்கழியென்றாலும் ஆடியென்றாலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு விடியும். ஒஸ்லோவில் ஜூன் 21-ஐ அண்டிய பகல் 19 மணி நேரத்தைத் தொடுகிறது. டிசம்பர் 21-ஐ அண்டிய பகல் 6 மணி நேரம்கூட இல்லை. அன்று காலை 9.18 அளவில் எழும் சூரியன் பிற்பகல் 3.12 அளவில் போய்விடுகிறது. உச்சி வேளையிலும் அடிவானத்திலிருந்து 7 பாகை உயரம் ஏறாது. எதிரே நிற்கும் நாலு மாடிக் கட்டடம் அதை மறைக்கப் போதும். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய் நாலு மணிக்கு வீடு திரும்புகிற ஒருவர், வாரநாட்களில் சூரியனைக் காண்பதே இல்லை.

நான் தாதி. முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறேன். எங்கள் ஆட்களோடு கதைக்கும்போது "மனம் சரியில்லை" என்று தொடங்குகிறவரை நான் கண்டது அரிது. "உடம்பெல்லாம் நோகுது", "கால் உளையுது", "தலையிடி", "ஒரே அலுப்பாய்க் கிடக்கு" என்றுதான் தொடங்குவார்கள். குடும்ப வைத்தியரிடம் போவார்கள். இரத்தம் சோதிப்பார். எல்லாம் சரி என்பார். வீட்டுக்கு வந்து மறுபடி படுத்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் திரும்பவும் போவார்கள்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1956-இல் அன்ரனி இராஜேந்திரம் என்ற தமிழர் இந்த நாட்டுக்கு வந்தார். 1970களிலும் 80களிலும் இங்குள்ள மக்கள் உயர்பள்ளிகளில் இடம் எடுத்து இளைஞர்கள் வந்தார்கள். பிறகு போர் துரத்திய குடும்பங்கள் வந்தன. அவர்களில் பலருக்குக் கிடைத்த முதல் வேலை, வடக்கே பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில். அந்தக் கரையில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் எழுவதே இல்லை. பனையும் வெயிலுமாக வளர்ந்த பிள்ளைகள், வார்டோவிலும் வட்சோவிலும் குழல் விளக்கின் கீழ் நின்று மீன் வெட்டினார்கள். இந்த மண்டபத்தில் அப்படி நின்ற கைகள் இருக்கின்றன. நீங்கள் அனுப்பிய காசில்தான் ஊரில் தங்கச்சிமார் படித்தார்கள், வீடுகள் எழும்பின. அந்த இருட்டில் நீங்கள் என்ன பட்டீர்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒருவர் கேட்டார். ஆனெ சிக்ஃப்ரிட் குரோன்செத் என்ற நோர்வே மானிடவியலாளர், வடகரை மீன்பிடி ஊரில் வாழ்ந்த தமிழரோடு பழகி ஆராய்ந்து, 2010-இல் ஒரு நூலாக வெளியிட்டார். நோவு, அலுப்பு என்று எங்கள் ஆட்கள் திரும்பத் திரும்ப வைத்தியரிடம் போனதும், வைத்தியருக்குக் காரணம் பிடிபடாமற் போனதும்தான் அவர் ஆராய்ச்சியின் தொடக்கம். அவர் இருட்டின்மேல் பழியைப் போடவில்லை. உறவுகள் அறுந்ததும், தம்மை இன்னாரென்று அறிந்து மதிக்கிற சனம் சுற்றிவர இல்லாமற் போனதும் உடம்பு வழியாக வெளிப்படுகின்றன என்பது அவருடைய விளக்கம். நான் வெளிச்சத்தைப் பற்றிப் பேச வந்தவள். என்றாலும் அவர் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் பேச மாட்டேன். இருள் ஆளை வீட்டுக்குள் தள்ளுகிறது. வீட்டுக்குள் இருப்பவருக்கு உறவு குறைகிறது. உறவு குறைந்தவருக்கு வெளியே போகக் காரணமும் குறைகிறது. அப்படியே அவர் இன்னும் இருட்டுக்குள் போகிறார். இரண்டு முனைகளிலும் பிடித்து இழுத்தால்தான் ஆளை வெளியே எடுக்க முடியும்.

சாதாரண பனிக்காலச் சோர்வும் நோயும் ஒன்றல்ல. நவம்பரில் கொஞ்சம் நித்திரை கூடுவதும் உற்சாகம் குறைவதும் பலருக்கும் வரும். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் இலையுதிர் காலத்தில் தொடங்கி, வேலையையும் வீட்டையும் பாதிக்கிற அளவுக்குப் போய், வசந்தத்தில் தானாகவே விலகுமானால், அதற்கு மருத்துவத்தில் பருவகால மன அழுத்தம் என்று பெயர். அதன் குணம் விசேஷமானது. வழக்கமான மன அழுத்தத்தில் பெரும்பாலும் நித்திரை போகும், பசி போகும். இதில் நித்திரை கூடும், எழும்ப முடியாது, பசியும் கூடும். அதுவும் மாப்பொருளுக்கும் இனிப்புக்கும்தான் நாக்கு அலையும். எங்கள் வீடுகளில் அது இரண்டாம் முறை போடும் சோறாக, தேத்தண்ணியோடு போகும் பிஸ்கற்றாக, இரவு பத்து மணிப் பாணாக வரும். நிறை ஏறும். நீரிழிவு உள்ளவருக்குச் சீனி ஏறும். எரிச்சல் வரும், பிள்ளைகள்மேல் பாய்வார்கள், தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். வீட்டார் இதைச் சோம்பல் என்பார்கள். பட்டவர் தாமே தம்மைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்வார். இந்தத் திட்டுத்தான் எனக்கு மிகவும் நோகிறது. ஏனென்றால் இதில் ஒழுக்கக் குறை எதுவும் இல்லை.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஹேர்பேர்ட் கேர்ன் என்றொரு பொறியியலாளர். தன் மனநிலை ஆண்டுதோறும் ஒரே காலத்தில் இறங்கி ஒரே காலத்தில் ஏறுவதைப் பல ஆண்டுகள் சின்னக் குறிப்புப் புத்தகங்களில் எழுதிவைத்தார். 1980-இல் அல்பிரட் லூவி என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும், கடும் வெளிச்சம் பட்டால் மனிதருக்கு இரவில் சுரக்கும் மெலற்றோனின் நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். சாதாரண அறை வெளிச்சத்துக்கு அது நிற்கவில்லை. அவர்களுடைய ஆராய்ச்சி நிலையத்திடம் கேர்ன் தன் குறிப்புகளோடு போனார். அந்தக் குளிர்காலத்தில் அவரைக் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் கடும் வெளிச்சத்தின் முன் இருத்தினார்கள். பகலை நீட்டிப் பார்த்தார்கள் என்று சொல்லலாம். சில நாட்களிலேயே மனிதர் தெளிந்தார். அந்தக் குழுவில் இருந்த நோர்மன் றோசன்தால், தென்னாபிரிக்காவில் வளர்ந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். வெயில் நாட்டிலிருந்து வந்து வடக்கின் குளிர்காலத்தில் தானே சோர்ந்தவர். 29 நோயாளிகளைப் பற்றி 1984-இல் அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரைதான் இந்த நோய்க்கு மருத்துவத்தில் ஓர் இடத்தைக் கொடுத்தது. எங்களைப் போன்ற ஒரு குடியேறியவர் இதைத் தன் உடம்பில் உணர்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னார் என்பதை நான் எங்கு பேசினாலும் சொல்வேன்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதும் பிறகு தெளிவானது. உருவத்தைப் பார்க்கிற கலங்கள் தவிர, விழித்திரையில் வெளிச்சத்தின் அளவை மட்டும் உணர்கிற கலங்களும் இருக்கின்றன. 2002-இல் டேவிட் பேர்சன் முதலானோர் அதை உறுதிசெய்தார்கள். அந்தக் கலங்கள் மூளையின் அடியிலுள்ள நேரக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்த மையம் கொஞ்சம் பிந்தி ஓடுகிற பழைய மணிக்கூடு மாதிரி. மனிதரின் உள்நேரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். ஒவ்வொரு நாளும் காலை வெளிச்சம் பட்டு அது முன்னுக்குத் தள்ளப்பட்டால்தான் வெளி உலகத்தோடு சேர்ந்து ஓடும். வெளிச்சம் படாவிட்டால் பிந்தும். கடிகாரம் ஏழு மணி காட்டும். உடம்பு இன்னும் நடுச்சாமத்தில் நிற்கும். டிசம்பர்க் காலையில் உங்களை எழும்பவிடாமல் அமுக்குவது இதுதான்.

"வீட்டில் எல்லா லைற்றும் போட்டிருக்கிறம்" என்பீர்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். இரவு விருந்தினர் வந்தால் நாங்கள் ஏற்றுகிற எல்லா விளக்கும் சேர்ந்து சில நூறு லக்ஸ் வரும். மூடிக் கறுத்த பகலிலும் வெளியே போனால் ஆயிரம் லக்ஸைத் தாண்டும். பல நாட்களில் அதற்கும் மிகக் கூட. ஊரில் உச்சி வெயிலில் அது ஒரு இலட்சம். கண் பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரிவதில்லை. மூளையின் மையத்துக்குத் தெரிகிறது. அதனால்தான் மப்பும் மந்தாரமுமான நாளில்கூட வெளியே போங்கள் என்கிறேன்.

இன்னொன்று. ஒக்ரோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளும்போது, "நாலு மணிக்கே இருட்டிப் போச்சு" என்று எல்லோரும் கவலைப்படுகிறோம். மாலையில் இழக்கிற அந்த ஒரு மணி நேரம் காலையில் எங்களுக்குத் திரும்ப வருகிறது. சோர்வு வருகிறவருக்கு வேண்டியது காலை வெளிச்சம். அந்த மணியைப் படுக்கையில் செலவழிக்காதீர்கள்.

இனி, இந்த நாட்டுக்காரர் எப்படித் தாங்குகிறார்கள் என்று பார்ப்போம். வடக்கே துரொம்சோ நகரில் நவம்பர் 27 அளவிலிருந்து ஜனவரி 15 அளவு வரை சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதில்லை. மொர்க்கெதீ என்கிறார்கள், இருள்காலம். நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீல நிற மங்கல் வெளிச்சம் இருக்கும். அங்கே எல்லோருக்கும் மனம் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நினைப்போம். துரொம்சோவில் நடந்த பெரிய சுகாதார ஆய்வொன்றில், குளிர்காலத்தில் நித்திரைக் குழப்பம் கூடுவது தெரிந்தது. மன உளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஐஸ்லாந்திலும் பருவகால மன அழுத்தம் அமெரிக்காவின் கிழக்குக் கரையைவிடக் குறைவென்று 1990களில் கண்டார்கள். கனடாவில் வாழும் ஐஸ்லாந்து வம்சத்தாரிடமும் அது குறைவாகவே இருந்தது. பரம்பரை ஒரு பங்கு என்று அதிலிருந்து ஆராய்ச்சியாளர் நினைத்தார்கள். அப்படியென்றால் வெயிலிலிருந்து வந்த எங்களுக்கு என்ன வழி என்று மனம் தளர வேண்டாம். பரம்பரையோடு பழக்கமும் ஏற்பாடும் சேர்ந்துதான் அவர்களைக் காக்கின்றன. பழக்கத்தையும் ஏற்பாட்டையும் நாங்கள் கற்கலாம்.

ஏற்பாடு என்றேன். அதற்கு ரியூக்கான் என்ற சின்ன நகரைத்தான் நான் எப்போதும் உதாரணம் காட்டுவேன். தெலெமார்க்கில் ஒடுங்கிய பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. செப்டெம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை மலை மறைப்பதால் நகருக்கு நேர் வெயில் கிடையாது. நூறு ஆண்டுகளுக்கு முன் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் நீர்வீழ்ச்சியின் வலுவைப் பயன்படுத்த அங்கே தொழிற்சாலை வைத்தது, தொழிலாளர் ஆயிரக்கணக்கில் குடியேறினார்கள். மலைமேல் கண்ணாடி வைத்துச் சூரியனைக் கீழே அனுப்பலாம் என்று 1913-இலேயே ஒஸ்கார் கித்தில்சன் என்ற கணக்காளர் ஒருவர் யோசனை சொன்னார். நிறுவனத்தைத் தொடங்கிய சாம் ஐடேக்கும் அதில் ஆர்வம் இருந்தது. அன்றைய நுட்பம் போதவில்லை. ஆனால் அவர்கள் அதோடு விட்டுவிடவில்லை. 1928-இல் நிறுவனம் மலைக்குத் தொங்கூர்தி ஒன்றைக் கட்டியது. தாதுப்பொருளும் சரக்கும் ஏற்ற அல்ல. குளிர்காலத்தில் தொழிலாளரும் பிள்ளைகளும் மேலே போய் வெயிலில் நிற்பதற்கு. குரொஸ்ஸோபானன் என்ற அந்த ஊர்தி இன்றைக்கும் ஓடுகிறது.

பிறகு மார்ட்டின் அன்டர்சன் என்ற ஓவியர் அந்த ஊரில் குடியேறினார். குளிர்காலத்தில் வெயிலைத் தேடிப் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துப் பள்ளத்தாக்கின் வழியே தூரத் தூர நடந்தவர், பழைய கண்ணாடி யோசனையை மறுபடி கையில் எடுத்தார். 2013 ஒக்ரோபரில் நகருக்கு மேலே 450 மீற்றர் உயரத்தில் ஒவ்வொன்றும் 17 சதுர மீற்றர் அளவான மூன்று கண்ணாடிகள் நிமிர்ந்தன. கணினி அவற்றைச் சூரியனோடு திருப்பிக்கொண்டே இருக்கிறது. ஏறக்குறைய 600 சதுர மீற்றர் வெயில் நகரச் சதுக்கத்தில் விழுகிறது. பணம் வீண் என்று ஊருக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. திறந்த அன்று சனம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்வுநாற்காலியில் இருந்து முகத்தை நிமிர்த்தி வெயில் காய்ந்தது. இருட்டை அந்த ஊர் தனி ஆளின் மன உறுதிக்கு விடவில்லை. பொதுக் காரியமாக எடுத்துக்கொண்டது. நோர்வேஜியரிடம் நாங்கள் கற்க வேண்டிய பெரிய பாடம் எனக்கு இதிலே தெரிகிறது. பாலர் பள்ளிப் பிள்ளைகளை மழையோ பனியோ தினமும் வெளியே விடுகிறார்கள். காட்டுப் பாதைகளில் விளக்குக் கம்பம் நட்டு இரவில் பனிச்சறுக்கப் போகிறார்கள். ஜன்னல்தோறும் நட்சத்திர விளக்கு. துரொம்சோவில் ஜனவரி 21 சூரிய நாள்; மலைக்கு மேலே சூரியன் தலைகாட்டுவதைப் பார்க்கப் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள், ஊரே ஜாம் வைத்துப் பொரித்த பன் வாங்கித் தின்கிறது. இவை பொழுதுபோக்கு மாதிரித் தெரியும். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த மருத்துவம் என்றே நான் சொல்வேன்.

தலைமுறை அனுபவம் இல்லாதவர் இருளில் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜிக்கா கப்பல் சாட்சி. 1898 மார்ச்சில் அந்தாட்டிக்காவின் பனிக்கட்டிக்குள் அது சிறைப்பட்டது. பெல்ஜியர், நோர்வேஜியர், போலந்துக்காரர், ருமேனியர் என்று பல நாட்டவர். தலைவர் அட்ரியான் டி ஜெர்லாஷ். மே நடுப்பகுதியில் மறைந்த சூரியனை ஏறக்குறைய எழுபது நாள் காணவில்லை. ஆட்கள் வெளிறினார்கள், நாடி தாறுமாறாய் ஓடியது, யாருக்கும் யாரோடும் பேச மனமில்லை. இதய வருத்தமிருந்த எமில் டாங்கோ ஜூனில் இறந்தார். ஒரு மாலுமிக்குச் சித்தம் பேதலித்தது.

கப்பலின் அமெரிக்க மருத்துவர் பிரடெரிக் குக், முன்பு கிறீன்லாந்தில் துருவப் பயணி பியரியின் குழுவோடு இருந்து அங்குள்ள மக்களின் குளிர்கால வாழ்க்கையைக் கண்டவர். அவர் மூன்று காரியம் செய்தார். தகரப்பேணி உணவை விட்டு சீல், பென்குயின் இறைச்சியைத் தின்னச் சொன்னார். தலைவருக்கே அது அருவருப்பாயிருந்தது. ஒவ்வொரு நாளும் கப்பலைச் சுற்றி நடக்க வைத்தார். வலுக் குறைந்தவர்களைத் திறந்த அடுப்பின் முன் உடுப்பில்லாமல் நிறுத்தி, நெருப்பின் வெளிச்சமும் சூடும் மேலே பட விட்டார். அவர்களைப் பிடித்திருந்ததில் பெரும்பங்கு ஸ்கர்வி. அதைத் தீர்த்தது புதிய இறைச்சி. அடுப்பு வெளிச்சம் இன்றைய சிகிச்சை விளக்கின் அளவுக்கு வராது. ஆனால் எழும்பு, நட, மற்றவர்களோடு சேர்ந்து நில் என்று ஒருவர் நாள்தோறும் வந்து சொன்னாரே, அதுவும் வேலை செய்தது. கப்பலில் இருந்த இளைஞன் ருவால் அமுன்ட்சன் இதையெல்லாம் கவனித்தான். 1911-இல் தென்துருவம் போவதற்கு முன் அந்தாட்டிக்காவில் குளிர்காலத்தைக் கழித்தபோது, தன் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் பனிக்கடியில் குடைந்த அறைகளில் வேலை வைத்தார், நீராவிக் குளியலுக்கும் இடம் வைத்தார். பிற்காலத்தில் குக் அமெரிக்கச் சிறையில் இருந்தபோது அமுன்ட்சன் தேடிப்போய்ப் பார்த்தார். உயிர் காத்தவரை அவர் மறக்கவில்லை.

இப்போது எங்கள் வீடுகளுக்கு வருவோம். துப்புரவு வேலைக்கு விடிய நாலு மணிக்குப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இரவு முழுக்க டாக்ஸி ஓட்டுகிறீர்கள், முதியோர் இல்லத்தில் இரவுக் கடமை செய்கிறீர்கள். பகல் இருக்கும் ஆறு மணி நேரமும் திரை இழுத்த அறையில் நித்திரை. இருட்டு உங்களுக்கு இரட்டிப்பு. வேலை அட்டவணை போடுகிறவரிடம், நவம்பர் முதல் பெப்ரவரி வரை தொடர் இரவு வேலையைக் குறைக்கக் கேட்டுப் பாருங்கள்; குடும்ப வைத்தியரின் கடிதம் உதவும். கேட்பது பிச்சையல்ல.

அடுத்து, பேரப்பிள்ளை பார்க்கவென்று முதிர்ந்த வயதில் வந்த அம்மாமார், அப்பாமார். ஊரில் விடிய முற்றம் கூட்டி, பூப் பறித்து, சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்து வெளிச்சத்திலேயே வாழ்ந்தவர்கள். இங்கே ஏழாம் மாடி. பிள்ளைகள் வேலைக்குப் போனபிறகு தொலைக்காட்சி. வழுக்கி விழுந்துவிடுவோம் என்ற பயம் நியாயமானது. எலும்பு முறிந்தால் எழும்புவது கடினம். சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற ஆணிப் பட்டி கடையில் இருக்கிறது. பிறந்தநாளுக்குப் புடவையோடு அதையும் வாங்கிக் கொடுங்கள் பிள்ளைகளே.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நித்திரை விட்டெழுந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளிச்சம் கண்ணில் படவேண்டும். விடிந்திருந்தால் வெளியே அரை மணி நேரம் நடை. விடியாவிட்டால் சிகிச்சை விளக்கு: 10,000 லக்ஸ், 30 நிமிடம், புறஊதாக் கதிர் வடிகட்டப்பட்டது. எவ்வளவு தூரத்தில் அந்த அளவு கிடைக்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். தள்ளிவைத்தால் வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும். விளக்கை உற்றுப் பார்க்கத் தேவையில்லை. அதன் முன் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம், பத்திரிகை வாசிக்கலாம். மாலையில் போட்டால் இரவு நித்திரை குழம்பும். இரண்டு எச்சரிக்கை. நீரிழிவு எங்கள் சனத்தில் அதிகம், அதனால் விழித்திரை பழுதானவர்களும் அதிகம். கண் வைத்தியரிடம் கேட்காமல் விளக்கு வாங்காதீர்கள். மனம் ஒரு காலம் மிக உயர்ந்தும் ஒரு காலம் மிகத் தாழ்ந்தும் போகிற நோயுள்ளவர்களுக்கு இந்த விளக்கு தீவிர நிலையைக் கிளப்பக்கூடும். மனநல மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம்.

விற்றமின் டி வேறு விஷயம், இரண்டையும் குழப்பாதீர்கள். ஒஸ்லோவின் குளிர்கால வெயிலில் தோல் அதை உருவாக்குவதில்லை. கறுத்த தோலுக்குக் கோடையிலும் கூட நேரம் வெயில் வேண்டும். இலங்கையில் வாழும் இலங்கையரையும் நோர்வேயில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008-இல் வந்த ஆய்வில், இங்குள்ளவர்களுக்கு அது மிகவும் குறைந்திருந்தது. குறைந்தால் தசை நோகும், அலுப்பு வரும், எலும்பு மெலியும். ஆகவே "உடம்பெல்லாம் நோகுது" என்பவர் முதலில் இதைச் சோதிக்கட்டும். நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம், 75 வயது கடந்தவருக்கு 20 என்பது இங்குள்ள பரிந்துரை. ஒரு தேக்கரண்டி மீன் ஈரல் எண்ணெயில் 10 கிடைக்கும். ஆனால் மன அழுத்தத்தை அது தடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அமெரிக்காவில் 50 வயது கடந்த 18,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2020-இல் வெளிவந்த சோதனையில் அப்படித் தடுக்கவில்லை.

மனத்தைப் பழக்குவதற்கும் இடமிருக்கிறது. வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தின் கெலி றோகன், 177 பேரில் ஒரு பகுதியினருக்கு விளக்குச் சிகிச்சையும் மற்றப் பகுதியினருக்குச் சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சையும் கொடுத்தார். முதல் குளிர்காலத்தில் இரண்டும் ஒரே அளவு உதவின. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, விளக்குப் பெற்றவர்களில் 45.6 வீதத்தினருக்குச் சோர்வு திரும்பியிருந்தது. பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 27.3 வீதம். விளக்கை எடுத்து உள்ளே வைத்துவிடலாம், கற்ற பழக்கம் நிற்கிறது போலும். காரி லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் துரொம்சோவில் தங்கி ஆராய்ந்தபோது, குளிர்காலத்தில் செய்து மகிழக்கூடியவை இருக்கின்றன என்று எண்ணுகிறவர்கள் நல்ல மனநிலையில் இருக்கக் கண்டார். இதை வைத்து, "நினைப்பை மாற்று, சரியாகும்" என்று சோர்ந்தவருக்குப் புத்தி சொல்லிவிடாதீர்கள். அவருக்கு அது இன்னொரு அடி. அவரோடு சேர்ந்து வெளியே போங்கள்.

கணவரோ மனைவியோ இரண்டு வாரத்துக்கு மேல் படுக்கையிலேயே கிடந்தால், பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுத்தால், வைத்தியரிடம் "நோகுது" என்பதோடு நிறுத்தாமல் "மனம் இருண்டு கிடக்குது, ஒவ்வொரு குளிர்காலமும் இப்படித்தான்" என்று சொல்லுங்கள். அந்த இரண்டாம் வசனம்தான் அவருக்கு வழி காட்டும். மொழி போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை; பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போக வேண்டாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். கதைக்க 116 123, அவசர வைத்தியருக்கு 116 117, உயிராபத்துக்கு 113.

தைப்பொங்கலைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஜனவரி 14-இலோ 15-இலோ நாங்கள் பொங்குகிறோம். துரொம்சோவில் சூரியன் அடிவானத்துக்கு மேல் திரும்புவதும் ஏறக்குறைய அதே நாளில். ஊரில் முற்றத்தில் கோலமிட்டுச் சூரியனைப் பார்த்துப் பொங்கிய நாங்கள், இங்கே குசினியில் மின்னடுப்பில் பொங்கி, திரை மூடிய அறையில் படைக்கிறோம். ஒஸ்லோவில் அன்று சூரியன் எழுவது காலை ஒன்பது மணியை ஒட்டி. யாரும் விடியமுன் எழும்பத் தேவையில்லை. மாடிக் கட்டடத்து முற்றத்திலோ பூங்காவிலோ, அனுமதி எடுத்து, வெளியே பொங்குவோம். பிள்ளைகள் பனியில் கோலம் போடட்டும். குளிரும்தான். ஜக்கெற் போட்டுக்கொண்டு பொங்குவோம்.

தமிழ்ப் பள்ளியும் ஒன்று செய்யலாம். சனிக்கிழமை என்பது பல பிள்ளைகளுக்குப் பகல் வெளிச்சத்தில் நெடுநேரம் நிற்கக் கிடைக்கிற இரண்டு நாட்களில் ஒன்று. அதை நாங்கள் காலை முதல் பிற்பகல் வரை வகுப்பறைக்குள் எடுத்துக்கொள்கிறோம். பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரம் எல்லா வகுப்பும் வெளியே. வாய்ப்பாடும் பாட்டும் வெளியேயும் சொல்லலாம். நிர்வாகத்தோடு கதைத்தேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெற்றோர் நீங்களும் கேளுங்கள்.

பெரியவர்களுக்காக, வருகிற சனிக்கிழமையிலிருந்து மார்ச் வரை, பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு பதினொரு மணிக்கு இந்த வாசலில் இருந்து நடை தொடங்குகிறோம். தட்டையான பாதை, ஒரு மணி நேரம், முடிவில் தேத்தண்ணி. தடியோடு வருபவர்களுக்கு மெதுவாக நடக்கிற தனிக் குழு உண்டு. தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பெயரும், சப்பாத்தின் அளவும் எழுதுங்கள். ஆணிப் பட்டி மொத்தமாக வாங்கப் போகிறோம். போகும்போது, இன்று வராத ஒருவருடைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அவருக்கு நாங்கள் தொலைபேசி எடுக்கிறோம்.